காதில் விழுந்தது

தொழிலில் அவருக்குப் பல்லி என்று பெயர். இருபத்து மூன்று வருடமாகக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர். எந்தச் சுவரானாலும் ஒட்டிக்கொண்டு நிற்பார் என்று முதலாளி விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. தலைமை ஃபிட்டர் ஆன பிறகும் அது போகவில்லை. "பல்லி சார்" என்று மரியாதையைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

அந்தப் பல்லிதான் இப்போது இடுப்பளவு உயரத்தில் ஓடும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, சமதரையில் ஓர் அடி எடுத்து வைக்க வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருந்தது அந்தப் பயிற்சிக் கூடம். நீல மெத்தைகள், கயிறும் கப்பியும், நாலு படி ஏறி நாலு படி இறங்கி எங்கேயும் போய்ச் சேராத ஒரு மரப்படிக்கட்டு. கம்பிகள் முடிகிற இடத்தில் ஆளுயரக் கண்ணாடி. விழுந்ததில் முதுகெலும்பு ஒன்று நொறுங்கி, நரம்பை நசுக்கியிருந்தது. அறுவை முடிந்து இரண்டு மாதத்தில் இடது கால் திரும்பி வந்துவிட்டது. வலது கால்தான் பாதி வந்து மீதியில் நின்றுபோயிற்று. தொடை தூக்கும், முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கும், பாதம் ஈரத்துணி மாதிரி தொங்கும். அது தரையில் இழுபடாமல் இருக்க, கெண்டைக்காலில் இருந்து உள்ளங்கால் வரை ஒரு பிளாஸ்டிக் பட்டையை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த உள்ளங்காலுக்குச் சிமெண்டும் ஒன்றுதான், மெத்தையும் ஒன்றுதான்.

"கீழ பாக்காதீங்க" என்றார் பிசியோ. நாற்பது வயதிருக்கும், குரலை உயர்த்தாமலே எல்லாரையும் நிமிர்ந்து நிற்கவைக்கிற பெண்மணி. "காலைக் கண்ணால தேடாதீங்க. கண்ணு முன்னாடி இருந்தாத்தான் உடம்பு நிமிரும். கண்ணாடியப் பாருங்க."

பல்லி தலையைத் தூக்குவார். ஓர் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடிக்குள் தலை தானாகக் கவிழ்ந்துவிடும்.

அடுத்த மெத்தையில் பந்தை உருட்டிக்கொண்டிருந்த தையல்காரர் சிரிப்பார். பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் போயிருந்தது. "எனக்கு இடது பக்கம் தையல் விட்டுப்போச்சு, உங்களுக்கு வலது கால். ரெண்டு பேரையும் வெட்டிச் சேத்துத் தைச்சா ஒரு முழு ஆள் தேறும் சார்."

பாதத்தில் உணர்வு இல்லாததால்தான் குனிந்து பார்க்கிறார் என்று பிசியோ நினைத்தார். படித்தவர் அப்படித்தான் நினைப்பார். உண்மை வேறு. நிமிரும்போது கண்ணாடியில் தன் முகம் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. தோளுக்குப் பின்னால், தன் இடுப்பில் கட்டிய பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் மூச்சைப் பிடித்து மூச்சை விடுகிற இன்னொரு முகமும் தெரியும். மச்சினன் முகம். அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

மச்சினன் என்றால் மனைவிக்கு ஒரே தம்பி. முப்பத்தோரு வயது. ஒன்பது வருடம் பல்லியின் கீழேயே வேலை பார்த்தவன். அவர் ஏணியில் ஏறினால் கீழே அவன் கை இருக்கும். ஆள் மேலே இருந்தால் கீழே கை இருக்க வேண்டும் என்பது பல்லி போட்ட சட்டம். அதை மீறியதற்காக, தகடு அறுக்கும் கட்டர் ஒருவரை அவரே ஒருநாள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

அன்றைக்கு மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றுக்கு எழுத்து மாட்டினார்கள். கடைசி எழுத்துக்கு வந்தபோது துளை போடும் டிரில் பிட் உடைந்தது. பல்லி பாதி இறங்கி வந்து ஏணியின் நாலாவது படியில் நின்றிருந்தார். கீழேயிருந்து மச்சினன் சொன்னான்: "மாமா, வேற பிட்டு வண்டில இருக்கு. எறங்கி நில்லுங்க. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. ஆனாலும் பல்லிக்கு ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. தலையை ஆட்டினார். அவன் போனான்.

இறங்குவதற்கு நாலே படி. அதற்குள் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் எதிர்ப்பக்கம் போய் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள், "கடைசி எழுத்து கோணலா இருக்குல்ல?" அவ்வளவுதான். இருபத்து மூன்று வருடத்துப் பல்லிக்கு அது பொறுக்கவில்லை. இறங்க வேண்டியவர் இன்னும் ஆறு படி மேலே ஏறினார். பக்கவாட்டில் சாய்ந்து, கையை எட்டி எழுத்தை நிமிர்த்தினார். நடைபாதைக் கல்லில் ஏணியின் கால் வழுக்கியது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது மேலே இரண்டு முகங்கள். மனைவி, முதலாளி. "யாருய்யா ஏணியப் புடிச்சிட்டிருந்தது?" என்றார் முதலாளி.

"அவன்தான். போறேன்னு சொல்லவே இல்ல. எதுவும் காதுல விழல."

வலியில் வாய்க்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்தாம் நாள், தலை தெளிந்து, தண்ணீர் கேட்டுக் குடித்து, செவிலியரிடம் மணி விசாரித்த பிறகு, முதலாளி திரும்ப வந்து நிதானமாகக் கேட்டார். பல்லி அதையே சொன்னார். முதல் தடவை பேசியது வலி. இரண்டாம் தடவை பேசியது அவர்.

கட்டில் காலடியில் நின்றிருந்த மச்சினன் மறுக்கவில்லை. "லாரிச் சத்தத்துல கேக்காமப் போயிருக்கும் மாமா. நீங்க தலையாட்டினத எனக்குன்னு நெனச்சுட்டேன். தோளத் தட்டிச் சொல்லிருக்கணும்" என்று அழுதான். அந்த வாரமே முதலாளி அவனை நிறுத்திவிட்டார். அக்காக்காரி நாற்பது நாள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கணவரைத் தூக்க வேறு ஆளில்லாமல் வீட்டுக்குள் விட்டாள். விட்டாலும், காபியைக் கையில் தர மாட்டாள். ஜன்னல் கட்டையில் டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டுப் போவாள். அவன் எடுத்துக் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான்.

மதியத்துக்கு மேல் ஒரு மரச்சாமான் கிடங்கில் அலமாரி தூக்குகிற வேலை தேடிக்கொண்டு, காலை நேரம் முழுவதையும் மாமாவுக்கு என்று வைத்துக்கொண்டான் அவன். முதுகில் சுமந்து இறக்கினான். படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் மூத்திரப் பையை எடுத்துப் போய்க் கொட்டினான். முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால்கூடப் பல்லிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எட்டாவது மாதம் பிசியோ ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நீங்க நடக்கத் தயங்கறது காலால மட்டும் இல்ல. பயம் எங்க இருக்குன்னு நான் தெரிஞ்சுக்கணும். எப்படி விழுந்தீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

பல்லி கைவிரல்களைப் பார்த்தார். "ஏணியப் புடிச்சிட்டிருந்த ஆள் சொல்லாமப் போயிட்டாங்க."

"யாரு?"

பின்னால் இருந்து மச்சினன் சொன்னான், "நான்தான் மேடம்."

பிசியோ பேனாவை மூடினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பல்லியைக் கம்பிகளுக்கு நடுவே நிற்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். "இப்ப அப்படியே பின்னாடி சாயுங்க. அவர் புடிச்சுக்குவார். விழற மாதிரி தோணும், விழ மாட்டீங்க. உடம்பு அதைக் கத்துக்கணும்."

பல்லி கண்ணை மூடினார். முதுகுக்குப் பின்னால் மச்சினனின் உள்ளங்கைகள் விரிந்து காத்திருப்பது, தொடாமலே தெரிந்தது. உடம்பு பலகையாக விறைத்தது. கை இரண்டும் கம்பியைக் கவ்விக்கொண்டன. "சாயுங்க மாமா, நான் இருக்கேன்" என்றான் அவன். சாய முடியவில்லை. விட்டுவிடுவான் என்று அவருக்குப் பயமில்லை. பிடித்துவிடுவான் என்பதுதான் தாங்கவில்லை.

மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு பிசியோ மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் நாலடி தள்ளி. எல்லாம் கேட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவ விட்டவர்னு அவர் உடம்பு உங்களை நெனச்சு வெச்சிருக்கு. மனசு மன்னிச்சாலும் உடம்பு லேசுல மன்னிக்காது. கொஞ்ச நாளைக்கு வேற ஆள் பட்டையப் புடிக்கட்டும்."

"சரிங்க மேடம்" என்றான் மச்சினன். பட்டையை அவிழ்த்து, சுருட்டி, வார்டு உதவியாளரின் கையில் கொடுத்தான். பல்லியின் வலது காலில் செருப்பு வார் தளர்ந்திருந்தது. மண்டியிட்டு அதை இறுக்கிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம்.  அன்று சாயங்காலம் விஷயம் மனைவியின் காதுக்குப் போனது. அவள் தம்பியை ஃபோனில் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாங்க. நீ இனிமே வர வேணாம். பண்ணினது போதும்" என்று சொன்னபோது பல்லி அதே அறையில்தான் இருந்தார். பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு விபரீதம் நடந்தது. பல்லி நன்றாக நடந்தார்.

கண்ணாடியில் இப்போது வார்டு உதவியாளரின் முகம். வேறெங்கோ பார்த்துக்கொண்டு கொட்டாவி விடுகிற, யாருக்கும் எதுவும் செய்யாத முகம். பல்லியால் நிமிர்ந்து பார்க்க முடிந்தது. நிமிர்ந்ததும் இடுப்பு உள்ளே வந்தது. இடுப்பு வந்ததும் முழங்கால் நின்றது. கம்பியை ஒரு கையால் மட்டும் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனார். திரும்பினார். நாலாம் நாள் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டே ஆறு அடி போனார். தையல்காரர் நல்ல கையால் தொடையைத் தட்டித் தாளம் போட்டார்.

அன்று மனைவி கூட வந்திருந்தாள். பிசியோ அவளைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார், "பாத்தீங்களா? ஆளை மாத்தினதும் எப்படி நடக்கறார்னு! எட்டு மாசம் வீணாப் போயிடுச்சேன்னு எனக்கே வருத்தமா இருக்கு. இனிமே உங்க தம்பி கையில மட்டும் விடாதீங்க."

"எங்கம்மா வயித்துல இப்படி ஒருத்தன்" என்றாள் மனைவி. கண் நிறைந்திருந்தது. "புடிக்கச் சொன்னா புடிக்கத் தெரியாது. கூடவே இருந்து இவரு கால நடக்க விடாமப் பண்ணிருக்கான் பாருங்க."

பல்லி கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். தான் நடந்த ஆறு அடியும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. முகத்தில் யாரோ அறைந்தாற்போல் இருந்தது. இனி நூறு அடி நடந்தாலும், தெருவே நடந்தாலும், ஒவ்வோர் அடியும் போய் அவன் தலையில்தான் விழும்.

"அவன் சொன்னான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. "என்னங்க?" என்றாள் மனைவி.

"எறங்கி நில்லுங்க, பிட்டு எடுத்துட்டு வரேன்னு சொன்னான். எனக்குக் காதுல விழுந்துச்சு. நான் தலையாட்டினது அவனுக்குத்தான். அவன் போன அப்புறம் நானா மேல ஏறினேன்."

 கப்பியில் தொங்கிய கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தையல்காரர் பந்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். வார்டு உதவியாளருக்குக் கொட்டாவி நின்றுபோயிற்று. பிசியோதான் முதலில் அசைந்தார். நாற்காலியை இழுத்துப் பல்லியின் பின்னால் போட்டு, "உக்காருங்க, முழங்கால் நடுங்குது" என்றார். குரலில் கோபமும் இல்லை, கரிசனமும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, தனக்கே சொல்லிக்கொள்வது போல், "நான் அந்தப் பையனை வெளிய உக்கார வெச்சேன்" என்றார்.

 வாடகைக் கார் வந்து நின்றபோதுதான் மனைவி பேசினாள். "அவன் வீட்டுக்குப் போறோம்."

"ரெண்டாவது மாடி. எனக்குப் படி இன்னும்..."

"தெரியும்."

"ஃபோன் போட்டு வரச் சொல்லட்டுமா?"

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கூனிக் குறுகிப் போனார். "எட்டு மாசம் அவன்தான் வந்தான்" என்றாள்.

இருபத்திரண்டு படி. பயிற்சிக் கூடத்து மரப்படியில் ஏறியது நாலு. இடது கையால் கைப்பிடிக் கம்பி, வலது முழங்கையில் ஊன்றுகோல், பின்னால் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி மனைவி. நல்ல காலைத் தூக்கி மேல்படியில் வைத்து, உடம்பை ஏற்றி, கெட்ட காலை இழுத்துப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இத்தனை வேலை. பதினொன்றாவது படியில் முழங்கால் மடங்கியது. அவள் இழுத்துப் பிடித்தாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. பிடித்தாளே தவிர, பார்த்து என்றோ மெதுவா என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேலே ஏறிச் சேர்ந்தபோது மச்சினன் கிடங்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். அக்காவையும் மாமாவையும் பார்த்ததும் பதறிப்போனான். "ஐயோ, எதுக்கு மாமா ஏறி வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லிருந்தா..." கை தானாகப் பட்டைக்கு நீண்டது. வர வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான்.

"மாப்ள" என்றார் பல்லி. வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த சொற்கள் எங்கே போயினவோ தெரியவில்லை. "நீ சொன்னது எனக்குக் காதுல விழுந்துச்சுடா."

"எது மாமா?"

"அன்னிக்கு. ஏணில."

மச்சினன் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டான். திரும்ப எடுத்தான். "எவ்வளவு விழுந்துச்சு?"

"எல்லாம்."

"எறங்கி நில்லுங்கன்னு சொன்னேனே. அது?"

"அதுவும்."

"தலையாட்டினது?"

"உனக்குத்தான்."

அவன் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான். "அந்த லாரிய எத்தனை தடவ திட்டிருக்கேன் தெரியுமா மாமா?" என்றான். "ரோட்டுல லாரி ஹாரன் அடிச்சாப் போதும், எனக்குக் கை ஜில்லுன்னு போயிடும். என் பொண்ணு சறுக்கு மரத்துல ஏறினா, கீழ நின்னு கத்துவேன். அவ அம்மா என்னைப் பைத்தியம்ங்கறா. தோளத் தட்டிச் சொல்லிருந்தா, தோளத் தட்டிச் சொல்லிருந்தான்னு... தூக்கத்துல யார் தோளையோ தட்டிட்டு முழிச்சுக்கறேன்."

பல்லி நின்றுகொண்டிருந்தார். உட்காரவும் முடியாது, போகவும் முடியாது.

"மூத்திரப் பைய எடுத்துட்டுப் போவேனே" என்றான் மச்சினன். குரல் உயரவில்லை. "அப்பவாச்சும் சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

இதற்கு ஒரு பொய் தயாராக நாக்கு நுனியில் நின்றது. பல்லி அதை விழுங்கினார். "சொன்னா நீ வர மாட்டே. அப்புறம் யாரு எடுப்பான்னு தோணுச்சு."

 பின்னால் மனைவியின் கையில் பட்டை இறுகியது.

மச்சினன் எழுந்தான். கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். "எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றான். படிக்கட்டு குறுகல், அவர்களைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். உள்ளே எவ்வளவு கொதித்ததோ தெரியாது. ஆனால் தாண்டும்போது முதுகைச் சுவரோடு ஒட்டவைத்து, வயிற்றை உள்ளே இழுத்து, பல்லியின் ஊன்றுகோல் மீது சட்டை நுனிகூட உரசாமல், அடி பார்த்து அடி வைத்து இறங்கினான். கை தவறிப் பட்டால் அவர் நிலை குலைவார் என்று அந்த நேரத்திலும் அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

"டேய் தம்பி!" என்றாள் அக்கா.

அவன் நிற்கவில்லை. அவன் பின்னாலேயே ஓட வேண்டும் போல அவளுக்கு இருந்தது. ஓடினால் பட்டையை விட வேண்டும். விட்டால் இவர் இருபத்திரண்டு படியும் உருள்வார். பிடித்துக்கொண்டே நின்று அழுதாள். பல்லி தன் வாழ்நாளில் அவ்வளவு சின்ன மனிதனாக எங்கும் நின்றதில்லை. அழுகை ஓய்ந்ததும் அவள் சொன்னாள்: "எறங்குங்க. கெட்ட காலை முன்னாடி வைங்க."

மச்சினன் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். அக்கா தினமும் அவன் வீட்டுக்குப் போய் வந்தாள். என்ன பேசினாள், அவன் என்ன சொன்னான் என்று பல்லியிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பயிற்சிக்கு அவளே பட்டையைப் பிடித்தாள். கண்ணாடியில் இப்போது அவள் முகம். பார்க்க எளிதான முகமில்லை. ஆனாலும் பல்லி தலை குனியவில்லை. குனிந்தால் கால் மடங்கியது, மடங்கினால் அவள்தான் இழுக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிப் பின்னால் சாயச் சொன்னார் பிசியோ. பல்லி சாய்ந்தார். அவள் பிடித்தாள், சரியாக நிமிர்த்தினாள், கையை எடுத்துக்கொண்டாள். பிசியோ தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "நல்லது" என்று அவர் சொல்லவில்லை.

வெளியே நடக்கலாம் என்று அனுமதி கிடைத்த அன்று பல்லி முதலாளியின் பலகைக் கடைக்குப் போக வேண்டும் என்றார். தெருமுனையில் இறங்கி நானூறு அடி. மேடு பள்ளம், கடை வாசல்களில் நீட்டிக்கொண்டிருந்த படிகள், ஒதுங்காத மனிதர்கள், ஒதுங்கிய பிறகு திரும்பிப் பார்க்கிற மனிதர்கள். வலது பாதத்துக்கு எதுவும் தெரியாது; எல்லாவற்றையும் கண்ணும் இடுப்பும்தான் தெரிந்து சொல்ல வேண்டும். அரை மணி நேரம் ஆயிற்று.

பட்டறையில் பிளாஸ்டிக் தகடு அறுக்கிற தூசியும், சூடான பசை வாசனையும் முன்பு போலவே இருந்தன. சுவரோரம் யார் யார் கடைக்கோ செய்த எழுத்துகள் சாய்ந்து கிடந்தன. அவரைப் பார்த்ததும், "வாய்யா பல்லி! நடந்தேவா வந்தே!" என்று முதலாளி ஓடி வந்தார். ஆட்கள் சுற்றி நின்று கையைத் தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலை நிறுத்துவது பெரும்பாடாகிவிட்டது.

சொன்னார். இங்கே சொல்வது மேலும் கடினமாக இருந்தது. மூன்று வார்த்தைக்கு ஒருமுறை தொண்டையைச் செருமினார். முதலாளி தலையைச் சொறிந்தார். "இப்ப எதுக்குய்யா இதெல்லாம்? நடந்தது நடந்து போச்சு. வா, வந்து உக்காரு."

"உக்கார வரல. அவன் மேல தப்பில்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு வந்தேன். நீங்க அவனைக் கூப்புடணும்."

முதலாளி சரி என்றார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். முன்பொரு நாள் ஏணியை விட்டதற்காகப் பல்லி வீட்டுக்கு அனுப்பிய அந்தக் கட்டர், அறுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "எத்தனை பேர் முன்னாடி என்னைப் பேசினீங்க பல்லி சார்" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மெஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் யாரும் எதுவும் பேச முடியவில்லை.

முதலாளி கூப்பிட்டும் மச்சினன் போகவில்லை. கிடங்கிலேயே அவனை மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டார்கள். ஏணி இல்லாத வேலை, அதுவே போதும் என்று சொன்னானாம். பல்லிக்குப் பலகைக் கடையில் உட்கார்ந்து எழுத்து வரையும் வேலை கிடைத்தது. வலது காலில் பட்டையும் கையில் ஊன்றுகோலுமாக, கொஞ்சம் இழுத்து இழுத்து, தானாகவே போய்வரும் அளவுக்கு நடை தேறியது. அதற்குமேல் தேறாது என்று பிசியோ ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஒரு விடுமுறை நாள் காலை. பல்லி உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து கால் பட்டையின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல். அதன் பின்னாலேயே மச்சினன் குரல். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வந்திருக்கிறான்.

கூடத்தில் அக்காவும் தம்பியும் ஏதோ பேசினார்கள். சின்ன வயதில் பாடம் நடத்திய ஒரு வாத்தியாரைப் பற்றிய கதை போலிருந்தது. அவன் அந்த வாத்தியார் மாதிரி மூக்கால் பேசிக் காட்டினான். அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "போதும்டா, டேய், போதும்டா" என்றாள்.

வாரை மாட்டிக்கொண்டிருந்த பல்லியின் கை அப்படியே நின்றது. இந்தச் சிரிப்பை அவர் மறந்தே போயிருந்தார். கல்யாணமான புதிதில் இந்த இரண்டு பேரும் சேர்ந்தால் வீடே அதிரும்; பொறுக்காமல் அவர்தான் அதட்டுவார். ஒரு வருடத்துக்கு மேலாக இந்த வீட்டில் அது இல்லை. அது இல்லை என்பதைக்கூட அவர் கவனித்திருக்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

எழுந்தார். கதவு வரை போனார். தான் போய் நின்றால் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். 

கொஞ்ச நேரத்தில் மனைவி கதவைத் திறந்தாள். சிரித்த முகம் இன்னும் முழுசாக ஆறியிருக்கவில்லை. "வெளிய வாங்க" என்றாள். "ஒளிஞ்சுக்கிட்டா மட்டும் ஒண்ணும் இல்லாமப் போயிடுமா?"

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனார். சிரிப்பு நின்றுதான் போயிற்று. மச்சினன் எழுந்து, நடுவில் கிடந்த நாற்காலியை அவருக்கு வழி விட்டு ஓரமாக நகர்த்தினான். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டான். மாமா என்று சேர்த்துச் சொல்லவில்லை. "இருக்கேன் மாப்ள" என்றார் பல்லி. அவன் மகள் அவர் காலில் இருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டாள் அவள்.

 பல்லி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்தார். முகம் சூடேறியது, காது மடல்வரை சுட்டது. அந்தக் குழந்தையின் கண்ணைப் பார்த்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.